கடைசிச் சொல்

ஆய்வேட்டை லேடெக்கில்தான் தர வேண்டும் என்று என் நெறியாளர் சொன்ன நாளிலிருந்து எனக்கும் அந்தக் கணினி மொழிக்கும் ஏழாம் பொருத்தம். வேர்டில் செய்வதுபோல எழுத்தைப் பிடித்து நகர்த்த முடியாது. எது தலைப்பு, எது சூத்திரம் என்று கட்டளையாக எழுதித் தர வேண்டும்; பக்கங்களை அதுவே பிரித்து அடுக்கும். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் திரை முழுக்க வசவு. உத்திரமேரூர் பேருந்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மேற்கோள் பட்டியல்தான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. கணிதத்தில் நான் எழுதிய மூன்று கட்டுரைகளும் அதில் அப்பா பெயரில் நின்றன. ஆசிரியர் பெயரில் கடைசிச் சொல் எதுவோ அதையே குடும்பப் பெயராக அது எடுத்துக்கொள்ளும். நான் என் பெயரையும் அடுத்து அப்பா பெயரையும் கொடுத்திருந்தேன். அவர் முழுசாக முன்னால் வந்துவிட்டார். நான் ஒற்றை எழுத்தாகப் பின்னால் ஒண்டிக் கிடந்தேன். ஏட்டின் உள்ளேயும் என் தேற்றங்களை அவரே நிறுவியதாக இருந்தது.

"பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இத்தினி படிப்பு?" என்று கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மறுத்தவர் அவர். அம்மாதான் நாற்று நட்ட சேற்றைக் கழுவிவிட்டு வந்து போட்டாள்.

நெறியாளரிடம் முறையிட்டேன். "உலகம் பூரா அப்படித்தாம்மா. உங்க அப்பாவுக்குப் பெருமைதானே, விடும்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உழைத்தவள் நான், பெருமை அவருக்கா?

நாலு நாள் அந்த மொழியின் விதிகளை உருப்போட்டேன். விடை அற்பமாக இருந்தது. நம் ஊர் வழக்கப்படி எழுதினால் போதும்: அப்பாவின் முதலெழுத்து, ஒரு புள்ளி, பிறகு என் பெயர். கடைசிச் சொல் நானானேன்.

அச்சான ஏட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார்.

"எம் பேரு எங்க கீது?"

புள்ளிக்கு முன்னால் இருந்த எழுத்தைக் காட்டினேன்.

"இவ்ளோதானா?"

"அதுவே ஜாஸ்தி நைனா" என்றேன். நன்றியுரையிலும் அவர் பெயரை எழுத மனம் வராமல் 'பெற்றோருக்கு' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தேன்.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

"எனக்கு அதுகூட இல்ல" என்றாள்.