துபாயில் மணி பன்னிரண்டரை

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் எனக்குக் காய் பொறுக்கும் வேலை. கணவர் துபாயில் கொத்தனார். போய் இறங்கியதும், "பம்பாயில் பத்துக்கு ஏறினேன், பதினொன்றரைக்கு இறங்கிவிட்டேன். தினமும் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. நீயும் அந்நேரம் சாப்பிடு, சேர்ந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும்" என்று எழுதினார். ஒன்றரை மணி நேரம்தானா! போடிமெட்டு தாண்டி எஸ்டேட்டுக்கு ஜீப்பில் போகவே அவ்வளவு ஆகுமே. மனசு தேறியது.

இரண்டு வருடம் கழித்து லீவுக்கு வருவதாகக் கடிதம். துபாயில் பத்துக்கு ஏறி, பம்பாயில் இரண்டரைக்கு இறங்குவாராம். அதே வழிக்கு நாலரை மணி நேரமா? பழுதான விமானமோ என்று பதறிப்போய், கடிதத்தோடு கடைக் கணக்குப்பிள்ளையிடம் ஓடினேன்.

"பயப்படாத ஆத்தா. போக வர ரெண்டுக்கும் மூணு மணி நேரந்தான். அங்க கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால ஓடுது" என்றார்.

பயம் போய் அழுகை வந்தது. நான் சாப்பிட்ட பன்னிரண்டரைக்கு அங்கே பதினொன்றுதான். வெயிலில் சாரத்தின் மேல் நின்றிருப்பார்.

வந்தவர் ஒரு மாதத்தில் திரும்பிப் போய்விட்டார். இப்போதெல்லாம் மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, இரண்டு மணிக்குத்தான் தூக்குச்சட்டியைத் திறக்கிறேன்.

"ஏன்க்கா ஒத்தையில திங்குற?" என்கிறார்கள்.

ஒத்தையில் தின்றதெல்லாம் பன்னிரண்டரைக்குத் தின்ற நாட்களில்தான்.