வெட்டுப்பட்டும் பிழைத்தவர்கள்

"செத்தவங்களை எண்ணுறதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று அண்ணன் கேலி செய்தால் அண்ணிக்குக் கோபமே வராது. உயிரோடு இருப்பவர்களை எண்ண ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, செத்தவர்களுக்கு நான் ஒருத்திதானே என்பார்.

அண்ணி வேலை பார்ப்பது அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில். ஜன்னல் கிடையாது; நீண்ட மேசை, அட்டைப்பெட்டிகள், பெட்டிகளில் எலும்பு. எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு படையின் சிப்பாய்கள் ஒரே குழியில் கிடைத்திருந்தார்கள். யார் கை, யார் கால் என்றே தெரியாத கலவை. இவர்களில் எத்தனை பேர் வாளுக்கு இரையானார்கள், எத்தனை பேர் முகாமில் காய்ச்சலில் போனார்கள்? அந்தக் காலத்தில் எழுதிவைத்ததை நம்ப முடியாது. ஜெயித்தவன் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான். அதனால் அண்ணி எலும்புப் படங்களைக் காட்டிக் காட்டி நியூரல் நெட்வொர்க் என்ற, பார்த்துப் பார்த்துக் கற்கும் கணினி நிரலைப் பழக்கினார். பழகிய கணினி மீதிப் படங்களைப் பார்த்துத் தானே கணித்தது: பத்துக்கு ஒன்பது பேர் போரில் மாண்டவர்கள்.

அருங்காட்சியக இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கண்காட்சிச் சுவரில் அதைப் பெரிதாக எழுதச் சொல்லிவிட்டார். எங்களுக்கும் நிம்மதி. அண்ணியின் ஒப்பந்தம் முடியப்போகிறது. வேலை போனால் அண்ணனும் நானும் சேர்ந்தே மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த நாட்டில் எங்கள் மூவரின் விசாவும் அந்த ஒரு வேலையில்தான் தொங்குகிறது.

அண்ணிக்கு ஒரு பழக்கம். கணினி தடுமாறிய படங்களை எல்லோரும் சோதிப்பார்கள். அண்ணி அது அடித்துச் சொன்ன படங்களைச் சோதிப்பார். அப்படித்தான் அந்தக் கால் எலும்பு கண்ணில் பட்டது. ஆழமான வெட்டு, ஆனால் விளிம்பு கூர்மையாக இல்லை. தேய்ந்த சோப்பு போல மழுங்கியிருந்தது. ஆறிய வெட்டு! செத்தவன் எலும்பு ஆறுமா? அடுத்த படம், அதற்கடுத்தது, பாதிக்கு மேல் அப்படியே.

தப்பு கணினியுடையது அல்ல. முன்பு இந்த எலும்புகளைப் பரிசோதித்த மருத்துவர் 'வெட்டு உண்டு' என்று மட்டும் குறித்திருந்த ஒவ்வொன்றையும் அண்ணிதான் 'போரில் செத்தவன்' என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னது நான்தான். அண்ணி காதில் வாங்கவில்லை. பயத்தைவிடக் குஷிதான் அதிகம் அந்த முகத்தில். மறுநாள் எலும்பைக் கையோடு தூக்கிக்கொண்டு மாடியேறி, சுவரில் எழுதியிருப்பது தப்பு என்று இயக்குநரிடமே சொல்லிவிட்டார்.

அவர் எலும்பைக் கையில் வாங்கிக்கொண்டாராம். அந்த மழுங்கிய விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாராம்.

"இதுக்கப்புறம் இவன் எவ்வளவு காலம் இருந்திருப்பான்?"

"வருஷக்கணக்கா இருந்திருப்பான் சார். இதே காலோட மறுபடி சண்டைக்கு வந்திருக்கான்."

"அப்ப சரியான கணக்கு?"

"இப்ப சொல்ல முடியாது சார். வயித்துல குத்துப்பட்டுச் செத்தவனுக்கு எலும்புல அடையாளமே இருக்காது. இத்தனை பேர்லேருந்து இத்தனை பேர் வரைக்கும்னுதான் சொல்லலாம். அதுக்கே எல்லாத்தையும் முதல்லேருந்து பழக்கணும்."

"திறப்பு விழாவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளணும்ங்கறீங்க," என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, "தள்ளினா, எண்ண ஆள் வேணுமே."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி அண்ணி இதைச் சொல்லி முடித்தார். வேலை நிரந்தரமா என்று அண்ணன் கேட்டான். ஒரு வருஷம்தான், எனக்கு அது போதும் என்றார் அண்ணி. எனக்குப் போதவில்லை. ஆனால் அதற்குள் அவர், அவ்வளவு வெட்டு வாங்கியும் பிழைத்தவனைக் கடைசியில் கொண்டுபோனது இன்னொரு வாளா, இல்லை காய்ச்சலா என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டுவிட்டார்.