பாக்கியம் கையெழுத்துப் போடவில்லை

கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலை. அங்கே இருபத்திரண்டு வருஷமாகத் தனபாக்கியத்துக்கு ஒரே வேலைதான். ரப்பர் கையுறையில் காற்றை ஊதி, விளக்குக்கு நேரே பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கில் பார்ப்பாள். கண் வலிக்கும், கழுத்து வலிக்கும். ஆனால் அவள் தள்ளிவிட்ட கையுறையை மேற்பார்வையாளர் ஒருநாளும் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை.

2016ஆம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளுடைய ஒரே மகன் யுவராஜைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவனுக்கு இருபத்து நான்கு வயது. லோரியில் கெலிண்டான் வேலை, அதாவது டிரைவருக்குத் துணையாகப் போய்ச் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. திருட்டுப்போன மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் நான்கு நாள் காவலுக்கு அனுமதி வாங்கக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது வராந்தாவில் அவனைப் பார்த்தாள். நன்றாக நடந்துதான் வந்தான்.

"சாப்டியாய்யா?"

"சாப்டேன்மா. நாளைக்கு வரப்ப ஒரு சட்டை கொண்டாங்க."

சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள், மகனைக் காட்டவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. மகனுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார்கள். அவளும் புருஷன் வேலாயுதமும் ஓடினார்கள். கவுண்டரில் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் அவர்கள் முகத்தைப் பார்க்காமல், பின்பக்கக் கட்டடத்துக்குப் போகச் சொன்னாள். அது சவக்கிடங்கு.

கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. முகம் தூங்குகிறவன் முகம் போலத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் தமிழர். மெதுவாகத்தான் பேசினார்.

"ஆஸ்துமாக்கா. திடீர்னு வந்துருச்சு. சீக்கிரம் எடுத்துட்டுப் போயி காரியத்த முடிச்சுருங்க."

"எம் புள்ளைக்கு ஆஸ்துமாவே கிடையாதே சார்."

அவர் சுற்றிலும் பார்த்தார். "ஆம்பளைங்க யாரு வந்திருக்கா?" என்று கேட்டு, பிரேதத்தைப் பெற்றுக்கொள்ளும் ஃபாரத்தையும் பேனாவையும் வேலாயுதத்திடம் நீட்டினார்.

வேலாயுதம் ஒரு பேரங்காடியில் செக்யூரிட்டி. யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷன். பேனாவை வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் பாக்கியம் துணியைக் கீழ்ப்பக்கமிருந்து விலக்கினாள். ஏன் விலக்கினாள் என்று பின்னாளில் கோர்ட்டில் கேட்டபோதுகூட அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு உள்ளங்காலும் நீலம் பாரித்து வீங்கியிருந்தன. கெண்டைக்கால் பின்புறம் வரிவரியாகத் தழும்பு. காலைப் புரட்டிப் பார்த்தாள், தொடையிலும் அப்படியே. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனாள். பதினேழு வரை எண்ணினாள். அதற்குள் ஒருவர் வந்து துணியை இழுத்து மூடிவிட்டார்.

அவள் அழவில்லை. புருஷன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். ஃபாரத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"புள்ள இங்கயே இருக்கட்டும். நான் எடுக்க மாட்டேன்."

"பாக்கியம், என்ன பண்ற நீ? வேணாம். பெரிய எடம்" என்றார் வேலாயுதம்.

"நீங்க செத்த நேரம் பேசாம இருங்க."

அன்றையிலிருந்து பதினோரு நாள், காலை எட்டு மணிக்கு வந்து சவக்கிடங்குக்கு எதிரே சிமெண்டுப் பெஞ்சில் உட்காருவாள். ஐந்து மணிக்குக் கேட்டைச் சாத்தும்போது எழுந்து போவாள். வேலாயுதத்தின் அண்ணன் வந்து, "பொம்பள பேச்சக் கேட்டுக்கிட்டு பெத்த புள்ளைய ஐஸ்ல போட்டு வெச்சிருக்கியேடா" என்று எல்லோரும் கேட்கக் கத்தினார். சொந்தக்காரர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வந்தவர்கள் தொழிற்சாலைப் பெண்கள்தான். மதிய ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் காலையில் வந்து உட்கார்ந்தார்கள், காலை ஷிஃப்டு முடித்தவர்கள் மூன்றரைக்கு மேல் சோறு தாப்பாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டுவந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி ரோஹானி. அடுத்த மேசையில் உட்கார்ந்து கையுறை பார்க்கிற மலாய்க்காரப் பெண். பாக்கியத்துக்கு மலாய் பேச வரும், எழுத வராது. இரண்டாம் நாள் ரோஹானி ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். "கக் சாக்கப், சாயா துலிஸ்," என்றாள். அக்கா சொல்லு, நான் எழுதுகிறேன். எந்தக் காலில், எந்த இடத்தில், எத்தனை தழும்பு என்று பாக்கியம் சொல்லச் சொல்ல எழுதினாள். போலீஸ் புகார், ஆஸ்பத்திரி இயக்குநருக்கு ஒரு கடிதம், வேறு டாக்டர் திரும்பவும் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று இன்னொரு கடிதம். எல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவை. அதற்காக ரோஹானியைத் தொழிற்சாலையில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அடுத்த மாதம் அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆறாம் நாள்தான் லோகன் வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் சின்னதாக அலுவலகம் வைத்திருந்த இளம் வக்கீல். தடுப்புக்காவலில் இறந்தவர்களுக்காக நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய குழுவில் இருந்தார். ரோஹானியின் நோட்டை நின்றபடியே கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"அக்கா, இது போதும். நீங்க மட்டும் எழுந்து போயிறாதீங்க" என்றார்.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். "அப்பா யாரு? அப்பா ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றார்கள். வேலாயுதம் கைகட்டி நின்று, "எங்களுக்கு நியாயம் வேணும்," என்றார். அந்தப் படம்தான் எல்லா நாளிதழிலும் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களின் முழங்கால் மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

இரண்டாவது பரிசோதனையில் உண்மை வெளியே வந்தது. அடிபட்டுத் தசை சிதைந்ததில் சிறுநீரகம் செயலிழந்து செத்திருக்கிறான். நுரையீரலில் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டாம் நாள் மகனை எரித்தார்கள்.

மரண விசாரணை இரண்டு வருஷம் இழுத்தது. அவனை அடைத்து வைத்திருந்த லோக்காப்பில் இருந்த கேமரா அந்த மூன்று நாளும் பழுது என்றார்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் பாக்கியம் லீவு போட்டுப் போனாள். அடிகளால்தான் இறந்தான், அடித்தவர் யாரென்று தெரியவில்லை என்று முடித்தார்கள். யார் மீதும் வழக்குப் போடவில்லை. தீர்ப்பு நாளிலிருந்து வேலாயுதம் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கொரோனா முடிந்த வருஷம், தூக்கத்திலேயே போய்விட்டார்.

பாக்கியம் அதற்குப் பிறகு வேறொரு வேலை செய்தாள். அதற்குப் பெயர் கிடையாது. எங்காவது லோக்காப்பில் யாராவது செத்தால், லோகனின் அலுவலகத்திலிருந்து போன் வரும். ஷிஃப்டு முடிந்து அந்தச் சவக்கிடங்குக்குப் போவாள். அந்தத் தாயையோ மனைவியையோ தேடிப்பிடித்து, "எதுலயும் கையெழுத்து போட்டுறாதீங்க. துணிய எடுத்து முழுசாப் பாருங்க," என்பாள். செந்தூல், டெங்கில், ரவாங் என்று பல ஊர்களில் ஒன்பது குடும்பங்கள். நான்கு குடும்பம் கேட்டது. மற்றவர்கள் பயந்தார்கள். ஒரு வீட்டில் அவளை வாசலிலேயே திட்டி அனுப்பினார்கள்.

போன வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தக் குழுவின் ஆண்டு விழா. நினைவு மலர் வெளியிட்டார்கள். பாக்கியத்தைக் கூப்பிட்டுக் குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள். ஏற்றிவிட்டு மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்து மலரைப் பிரித்தாள். முப்பத்தோராம் பக்கத்தில் வேலாயுதம் கைகட்டி நின்றார். கையெழுத்துப் போட மறுத்த தந்தை என்று தலைப்பு. கீழே ஒரு பக்கம் முழுக்க அவருடைய துணிச்சலைப் பற்றி எழுதியிருந்தது. கடைசியில், 'அவருடைய துணைவியாரும் உடனிருந்தார்' என்று ஒரு வரி.

அவளுக்கு வேலாயுதத்தின் மேல் கோபம் வரவில்லை. அந்த மனுஷன் இருந்திருந்தால் கூசிப்போயிருப்பார். பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரோஹானியின் பெயர் எங்கேயும் இல்லை.

தேநீர் இடைவேளையில் லோகனைப் பிடித்தாள். அவருக்கு இப்போது தாடி நரைத்திருந்தது.

"தம்பி, இதுல ரோஹானி பேரு இல்லையே."

"விட்டுப்போச்சுக்கா. அடுத்த பதிப்புல போட்டுருவோம்."

"எங்க வீட்டுக்காரரு கையெழுத்து போடப் போனவரு. ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்க்கா. பழைய பேப்பர வெச்சு பசங்க எழுதிட்டாங்க."

"அச்சுக்கு அனுப்புறதுக்கு முந்தி நீங்க படிச்சுப் பாக்கலியா?"

லோகன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தவர், அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "இன்னொன்னுக்கா. பத்துமலை பக்கம் உள்ள பையன். அம்மா பேரு லெட்சுமி. நான் மேடையில பேச வேண்டியிருக்கு, நீங்க முன்னாடி போக முடியுமா?"

பாக்கியம் கிராப் கார் பிடித்துப் போனாள். போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆனது. சவக்கிடங்கு வாசலில் பிரேத வேன் தயாராக நின்றது. நைட்டிக்கு மேல் துண்டு போட்ட ஒரு பெண் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் லெட்சுமி.

"கையெழுத்து போட்டாச்சா?"

"தம்பி போட்டுட்டான்."

"பரவால்ல. எரிக்கிறதுக்கு முந்தி நிறுத்தலாம். நீங்கதான் பெத்தவங்க. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, மிச்சத்த வக்கீல் பாத்துக்குவாரு."

லெட்சுமி தம்பியைப் பார்த்தாள். அவன் வேன் கதவைத் திறந்து பிடித்திருந்தான். "ஆன்டி, எங்கள விட்டுருங்கலா. மிச்சம் இருக்கற புள்ளைங்க வாழ வேணாமா?" என்றான். லெட்சுமி வேனில் ஏறிக்கொண்டாள். மாலை நான்கு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் குருவோட அம்மா."

"எந்தக் குரு?"

"பத்துமலை. வேன்ல ஏறிட்டேனே," என்றது குரல்.

பாக்கியத்துக்குச் சுருக்கென்றது. அத்தனை அவசரத்தில் அந்தப் பையனின் பெயரை அவள் கேட்கவே இல்லை. உட்கார்ந்துகொண்டாள். "சொல்லுங்க," என்றாள்.

"குளிப்பாட்டறப்ப பாத்தேன்க்கா. காதுக்குப் பின்னால கிழிஞ்சிருந்துச்சு. முதுகுல பூட்ஸ் அச்சு. நான் பாத்தேன், ஆனா வாயத் தொறக்கல. இப்ப தூக்கம் வர மாட்டேங்குது."

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். லெட்சுமி தம்பிக்குத் தெரியாமல் வந்திருந்தாள். கவுண்டரில் இருந்தவர் பிரேதம் எங்கே என்று கேட்டார். எரித்தாகிவிட்டது என்றதும் தட்டச்சு செய்வதை நிறுத்தி, அப்புறம் எதை விசாரிப்பது என்றார்.

"அவங்க கண்ணால பாத்தத சொல்றாங்க. எழுதிக்கங்க சார்" என்று பாக்கியம் மலாயில் சொன்னாள். அவர் எழுதி முடிக்கிறவரை அவள் நாற்காலியைவிட்டு நகரவில்லை.

இரண்டு மணி நேரம் ஆனது. புகாரின் நகலை லெட்சுமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒரு பதிலும் வரவில்லை. விஷயம் தெரிந்ததும் லெட்சுமியின் தம்பி அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான். பாக்கியம் வாரத்துக்கு ஒருமுறை அவளுக்குப் போன் செய்கிறாள். பெரும்பாலும் லெட்சுமி குருவைப் பற்றித்தான் பேசுகிறாள், அவன் சின்ன வயதில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று பிடித்த அடத்தைப் பற்றி, முதல் சம்பளத்தில் அவளுக்கு வாங்கித் தந்த மின்விசிறியைப் பற்றி. பாக்கியம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.