ஒரே இழுப்பில் அவிழும் தையல்

துறைமுகத்தில் இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கூடவே இருந்து குழி பறித்தார் என்கிறான் ஒருவன். மீன்துறை ஆபீஸ்காரர்களிடம் விலை போய்விட்டார் என்கிறான் இன்னொருவன். சொல்கிறவன் வாயை யார் மூடுவது? இருபத்தாறு வருடம் அந்த மனுஷனோடு குப்பை கொட்டியவள் நான். நடந்ததை நான் சொல்கிறேன், அப்புறம் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. முடிச்சு என்று கேட்க வேண்டும். வலைக் கொட்டகையில் சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இழுவலையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு தைக்கிறவர். பாறையில் சிக்கி நார் நாராகக் கிழிந்த வலையைக் கொண்டுவந்து போட்டாலும் சாயங்காலத்துக்குள் உயிர் கொடுத்துவிடுவார். வாய்தான் கிடையாது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் பெரிது. அந்தக் குறை தெரியாமல் வீட்டில் நான் பார்த்துக்கொண்டேன். நான் குரலெடுத்தால் பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைத்துவிட்டு என்னைக் கேட்கிறார்கள் என்று என் தம்பி கேலி செய்வான்.

இந்தத் தம்பிக்கு ஒரு இறால் படகு உண்டு. ஏழு வருடத்துக்கு முன்னால் இறால் படகு எல்லாவற்றுக்கும் வலையில் ஆமைக் கதவு வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வலைக்குள் குறுக்கே சாய்வாக ஒரு இரும்புக் கம்பித் தட்டி. இறாலும் மீனும் கம்பிக்கு இடையில் புகுந்து வலையின் வாலுக்குப் போய்விடும். ஆமை பெரிது, கம்பியில் முட்டி மேலே போகும். மேலே வலையில் ஒரு திறப்பு, அதன்மேல் பாவாடை மாதிரி ஒரு துண்டு வலை. அதைத் தள்ளிக்கொண்டு ஆமை வெளியே போய்விடலாம். தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் ஆமைக்கும் மூச்சு முட்டும், செத்துப்போகும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

தம்பி வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆமை போகிற வழியில் பாதி இறாலும் போய்விடுகிறதாம். கதவைத் தைத்துவிடலாம் என்றால் கரைக்கு வந்ததும் அதிகாரி வலையை விரித்துப் பார்க்கிறார், அதற்குள் தையலைப் பிரிக்க நேரம் இல்லை, மாட்டினால் உரிமம் போய்விடும் என்று புலம்பினான். இவர் மூன்று நாள் கொட்டகையில் ஒரு துண்டு வலையை வைத்துக்கொண்டு தைத்துத் தைத்துப் பிரித்தார். மகள் வெளியூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. மூன்றாம் நாள் அதை வீட்டுக்கே கொண்டுவந்து கட்டில் காலில் கட்டிக் காட்டினார். இழுத்துப் பார்த்தால் இரும்பு மாதிரி நிற்கிறது. ஓரத்தில் தொங்கும் நுனியை மட்டும் ஒரு இழு இழுத்தால் தையல் மொத்தமும் சரசரவென்று அவிழ்ந்து நூல் கையோடு வந்துவிடுகிறது. கடலில் தைத்துக்கொள்ளலாம், கடைசித் தடவை வலையைத் தூக்கியதும் உருவிவிடலாம். என் தம்பி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. நானும்தான் கை தட்டினேன். இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

விஷயம் பரவிவிட்டது. படகுக்கு ஒருவன் என்று வந்து கற்றுக்கொண்டு போனார்கள். கரையில் சோதனை செய்கிற அதிகாரி எல்லாக் கதவும் ஒழுங்காகத் திறக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். வலையில் மாட்டிச் செத்த ஆமைகளை அங்கேயே கடலில் தள்ளிவிட்டு வருவார்கள். அலை அவற்றைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் மகள் படிப்பை முடித்துவிட்டு ஒரு வேலை தேடிக்கொண்டாள். என்ன வேலை தெரியுமா? கரையில் ஒதுங்குகிற செத்த ஆமைகளை எண்ணுகிற வேலை. உலகத்தில் வேறு வேலையா இல்லை என்று நான் குதித்தேன். அவள் கேட்கவில்லை. விடிந்ததும் அளவு நாடா, நோட்டுப் புத்தகம், ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டோடு கிளம்பிவிடுவாள். ஓட்டின் நீளம், அகலம், ஆணா பெண்ணா, அடிபட்ட காயம் உண்டா என்று எழுதி, மறுநாள் அதையே திரும்ப எண்ணிவிடாமல் இருக்க ஓட்டின்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்தால் அந்த நாற்றம் குடலைப் புரட்டும். கொல்லையிலேயே குளித்துவிட்டு உள்ளே வா என்று நான் தினமும் கத்துவேன். நகத்தில் ஒட்டிய பெயிண்டோடு சாப்பிட உட்கார்ந்து, இன்றைக்கு ஒன்பது, இன்றைக்குப் பதினாலு என்று சொல்வாள். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

இந்த வருடம் கடலில் சொறிமீன் மண்டியது. கூழ் மாதிரி இருக்கும், தொட்டால் தோல் எரியும். என் தம்பி வலையை இழுத்தால் இறாலுக்குப் பதில் அதுதான் மலை மாதிரி வந்து விழுந்தது. ஆட்களுக்குக் கையெல்லாம் கொப்புளம். கடலுக்கே சாபம் பிடித்துவிட்டது என்று எங்கள் வீட்டில் வந்து கத்தினான். மகள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். சொறிமீனைத் தின்கிறது ஆமை. ஆமை குறைந்தால் அது பெருகும். அது மீன்முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும், அப்புறம் மாமா வலைக்கு மீன் எங்கிருந்து வரும் என்று கேட்டாள். ஆமைக்கு வக்காலத்து வாங்குகிறவளை எவன் கட்டிக்கொள்வான் என்று தம்பி சிரித்தான். இவர் எழுந்து போய், வலை தைக்கிற காலி ஊசி ஒன்றில் நூல் சுற்ற ஆரம்பித்தார். ஏற்கெனவே நூல் சுற்றி வைத்த நாலு ஊசி பக்கத்திலேயே கிடந்தது.

அப்போதுதான் ஆபீஸிலிருந்து கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. கதவுச் சட்டத்தை எடுத்துவிடலாமா என்று எல்லோரையும் கேட்கப் போகிறார்களாம். தம்பி துள்ளிக்கொண்டு வந்தான்.

"அக்கா, உன் பொண்ணு எழுதின கணக்குதான் நமக்குப் பெரிய சாட்சி. எல்லாப் படகுலயும் கதவு இருக்கு, ஆனா ஆமை வருஷா வருஷம் ஜாஸ்தியாத்தான் சாகுது. அப்போ கதவால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு தெரியுதுல்ல?"

ஐந்து வருடம் நாற்றத்தில் உட்கார்ந்து அவள் எழுதியதை வைத்தே ஆமைக்கு இருந்த ஒரே வழியையும் அடைக்கப் பார்க்கிறார்கள். தையல் விஷயத்தை யாரும் அவள் காதில் போட்டதில்லை, அவளுக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தான்தான் எங்கேயோ தப்பாக எண்ணிவிட்டோம் என்று ஐந்து நோட்டையும் தரையில் பரப்பி முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, வலையைப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்? கதவு நல்லாத் திறக்குது. நானே கையால தள்ளிப் பாத்தேன். அப்புறம் ஏம்பா ஆமை வெளிய வரல?"

இவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு நோட்டை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்புகிறவரை காத்திருந்துவிட்டு இவர் என்னிடம், நாளைக்குச் சொல்லிவிடப் போகிறேன் என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்! உங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டதா, என் தம்பி படகு என்ன ஆகும், நாளைக்கு எவன் உங்களிடம் வலை கொடுப்பான், பெற்ற பெண் முகத்தில் எப்படி முழிப்பீர்கள் என்று பொரிந்து தள்ளினேன். வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் கேட்டேன். அவர் சத்தியம் செய்யவில்லை. ஊமைக் கோட்டான் என்று திட்டினேன்.

கூட்டம் மீன் ஏலக் கூடத்தில் நடந்தது. தரையைக் கழுவிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு வலையைக் கதவோடு தொங்கவிட்டிருந்தார்கள். படகுக்காரர் சங்கத் தலைவர் எங்கள் மகளின் கணக்கை அச்சடித்துக் கொண்டுவந்து வருடம் வருடமாகப் படித்தார். பெரிய அதிகாரி அவளைப் பார்த்து, உங்கள் கணக்கு சரிதானே என்று கேட்டார். சரிதான் சார் என்று எழுந்து நின்று சொன்னாள். அதிகாரி பேனாவை எடுத்தார்.

பின்வரிசையிலிருந்து இவர் எழுந்து நடந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்து, தொங்கிய வலைக்கு முன்னால் நின்று தைக்க ஆரம்பித்தார். என்ன செய்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கும் திரும்பவில்லை. கூடத்தில் இருந்த படகு ஆட்கள் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. தைத்து முடித்து, கதவைத் தள்ளிப் பார்க்கும்படி அதிகாரியிடம் கையைக் காட்டினார். அதிகாரி தள்ளினார், அசையவில்லை. அப்புறம் மகளைக் கூப்பிட்டு நுனியைக் கையில் கொடுத்தார்.

"இழும்மா."

இழுத்தாள். கதவு திறந்துகொண்டது. நூல் அவள் கையில் தொங்கியது. இதைக் கடலில் யார் செய்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார்.

"எல்லாரும் செய்யறாங்க சார். சொல்லிக் குடுத்தது நான். ஏழு வருஷமாச்சு."

என் தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனான். இன்றுவரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

சட்டத்தை எடுக்கவில்லை. இப்போது கடலுக்குள்ளேயே போய்ச் சோதிக்கிறார்கள். தம்பி படகோடு இன்னும் பதினெட்டுப் படகு உரிமம் போய்க் கட்டிக் கிடக்கிறது. கொட்டகையில் இவர் உட்காருகிற இடத்தில் எவனோ மீன் கழிவைக் கொட்டிவிட்டுப் போயிருந்தான். வலை கொடுக்க ஆள் இல்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டு வலை ஒன்று கிழிந்து வந்தது. அதை ஒரு வாரமாகத் தைத்துக்கொண்டிருக்கிறார், ஒரு மணி நேர வேலை அது.

மகள் அவரிடம் பேசுவதில்லை. தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், அவ்வளவுதான். இன்னும் கரையில் ஆமை ஒதுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முன்னைவிடக் கொஞ்சம் குறைவு என்றாள், உடனே சரியாகிவிடாதாம். ஒரு ஆமை முட்டையிடுகிற வயசுக்கு வளர எத்தனையோ வருடம் ஆகும் என்றாள்.

நேற்றுக் காலை கரையிலிருந்து வந்து, குளிக்காமல் கொல்லைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் மூக்கைப் பொத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். ஆமை செத்ததைக்கூட எழுதிவிட்டு மறந்துவிடலாம், நம்பிக் கேட்டபோது முகத்துக்கு நேராகத் தெரியாது என்று சொன்னாரே, அதுதான் ஆறவில்லை என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"உனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பியாம்மா? அன்னைக்கே கத்தி ஊரைக் கூட்டியிருக்க மாட்டே?"

ஆமாம்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பேச்சு எனக்குப் பஞ்சமா? உள்ளே அவர் தைக்கிற சத்தமும் நின்றுவிட்டது.

"எனக்கும் தெரியும்டி" என்றேன். "மொத நாள்லேருந்து தெரியும். சொல்ல வேணாம்னு அவரத் தடுத்ததும் நான்தான்."

அவள் என் தோளிலிருந்து தலையை எடுத்துக்கொண்டாள்.