கப்பலுக்கு என்ன துணி எடுத்து வைக்கிறது மேடம்?

டிராவல்ஸ் வேலைன்னா டிக்கெட் போடுற வேலைன்னு நெனச்சுத்தான் சேந்தேன். அது அடுத்தவங்க வூட்டு பீரோவத் தொறந்து பாக்குற வேலைன்னு சேந்த பொறவுதான் தெரிஞ்சுது.

சிதம்பரத்துல கீழ வீதிக்குப் பக்கத்துல ஒரு மாடிப்படிக்குக் கீழ எங்க ஆபீஸு. நான், ஒரு கம்ப்யூட்டர், கடகடன்னு ஆடுற ஒரு ஃபேனு. அவ்வளவுதான் எங்க கிளை. மொதலாளி கடலூர்ல மஞ்சக்குப்பம் ஆபீஸ்ல இருப்பாரு. காசி, திருப்பதி, ராமேஸ்வரம்னு ஆளுங்கள ஏத்தி அனுப்பிக்கிட்டு நிம்மதியாத்தான் இருந்தேன். காசிக்குப் போறவங்க யாரும் என்ன துணி எடுத்து வைக்கிறதுன்னு என்கிட்ட கேட்டதில்ல. சென்னையிலேருந்து கௌம்புற உல்லாசக் கப்பலுக்கு ஆள் புடிக்கலாம்னு மொதலாளி என்னிக்கு முடிவு பண்ணாரோ, அன்னிக்குப் புடிச்சுது எனக்குச் சனி.

கப்பல் முழுவுமான்னு ஒரு ஆளு கேக்கலங்க. வாந்தி வருமான்னு கேட்டவங்களே கொறச்சல். மத்த போன் எல்லாம் துணிதான். நானும் எல்லாருக்கும் ஒரே பாட்டத்தான் பாடுவேன். காட்டன்ல நாலு, பட்டு ஒண்ணு போதும், நல்ல செருப்பு ஒரு ஜோடி, உள்ள ஏசி குளிரும் அதனால ஒரு சொட்டரு. கேட்டுட்டு சரி சரிம்பாங்க. அரை மணி நேரத்துல அதே வூட்டுலேருந்து வேற ஒருத்தரு போன் பண்ணி அதையே கேப்பாங்க. ஜவுளிக்கடையோ, பேங்கோ, ரேஷன் கடையோ, கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒக்காந்து பொழைக்கிறவங்க யாரா இருந்தாலும் என் பாடு உங்களுக்குப் புரியும்.

வேட்டியோட உள்ள வுடுவாங்களா?

அறுப்பு முடிஞ்ச கையோட குமராட்சிப் பக்கத்துலேருந்து புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு மினிபஸ் ஏறி ஆபீஸுக்கு வந்தாங்க. அவரு பேரு கலியபெருமாள், விவசாயம். அந்தம்மா தனலட்சுமி. வந்து ஒக்காந்த பத்து நிமிசத்துல எனக்குத் தனம் அக்கா ஆயிட்டாங்க. சிங்கப்பூர்ல வேல பாக்குற மவன் ரெண்டு பேருக்கும் கப்பலுக்குச் சீட்டு போடச் சொல்லிட்டான். அக்காவுக்கு அந்தச் சந்தோசம் மொகத்துல அடங்கல. எங்கூருல எங்க நின்னாலும் ஒரு கரை தெரியும், ஒண்ணு வாய்க்காக் கரை, இல்லன்னா கொள்ளிடக் கரை, நாலு பக்கமும் கரையே தெரியாத எடத்துல ஒரு தடவ நிக்கணும்னு சொன்னாங்க. ஆனா அவரு வந்தாத்தான் அக்காவும் போவ முடியும். அந்தக் குடும்பத்துல பொம்பளைங்க தனியா பாண்டிச்சேரிக்குக்கூடப் போனதில்ல.

அவருக்கு ஒரே கேள்வி. ராத்திரி சாப்பாட்டு ஹாலுக்கு அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் போட்டுக்கிட்டு வரக்கூடாதுன்னு கப்பல்ல ரூல்ஸ் இருக்கு. அப்ப வேட்டிய வுடுவாங்களா, மாட்டாங்களா? வேட்டியத் தவிர வேற எதையும் ஒடம்புல ஏத்துனதில்லன்னாரு. சென்னையில கப்பல் கம்பெனி ஆபீஸுக்குப் போன் போட்டேன். அங்க இருந்த பொண்ணு யார் யாரையோ கேட்டுட்டு, வேட்டின்னா தாராளமா வரலாம்னு சொல்லிச்சு. நான் சந்தோசமாச் சொன்னேன். அவரு ஃபேன அண்ணாந்து பாத்துட்டு, மடிச்சுக் கட்டலாமான்னு கேட்டாரு. மறுபடி சென்னை. மேல்தளத்துல கட்டிக்கலாம், சாப்பாட்டு ஹால்ல மட்டும் எறக்கி வுட்டுடணும்னு பதில் வந்துச்சு. அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு.

"கடக் காத்துல வேட்டி பறந்துச்சுன்னா யாரு பொறுப்பு? அதையும் ஒரு வார்த்த கேட்டு வையிம்மா."

பூத்துண்டுக்குள்ள இஸ்திரிப் பெட்டி

இது முந்தின ட்ரிப்புல நடந்தது. கடலூர்ல ரிட்டயர் ஆன ஆபீசர் ஒருத்தரு. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத சட்டையிலதான் பால் வாங்கவே போவாரு. கப்பல்ல இஸ்திரிப் பெட்டிய வுட மாட்டாங்க சார், நெருப்புப் புடிக்கும்னு பயப்படுவாங்கன்னு தலையால தண்ணி குடிச்சுச் சொன்னேன். ம், ம்னு கேட்டுக்கிட்டாரு. கேட்டுக்கிட்டுப் போயி, பூத்துண்டுல சுத்தி, பொண்டாட்டி புடவைக்கு அடியில பெட்டிய வச்சுட்டாரு. தொறைமுகத்துல ஸ்கேன் மிஷின்ல அது பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கு. அத்தனை பேரு முன்னாடி புடவைய ஒவ்வொண்ணா எடுத்து வச்சுத் தேடியிருக்காங்க. அந்தம்மா அவருகிட்ட அப்பறம் ரெண்டு நாளு பேசவே இல்லையாம்.

அங்கேருந்தே எனக்குப் போன் போட்டுத் திட்டுனாரு. நான் அப்பவே சொன்னேனே சார்னேன். சொன்னத ஒத்துக்கிட்டாரு, ஆனா நியாயத்த ஒத்துக்கல.

"சுத்தி அத்தனை தண்ணி கெடக்கு, நடுவுல நெருப்புப் புடிச்சா அணைக்க முடியாதா மேடம்?"

சம்பந்தியம்மா நைட்டி எடுத்து வைக்கிறாங்களா?

அதே ட்ரிப்புல அண்ணாகிராமம் பக்கத்துலேருந்து முந்திரி யாவாரக் குடும்பம் ரெண்டு. அந்தூட்டுப் புள்ளைக்கு இந்தூட்டுப் பொண்ணக் கட்டி அப்பத்தான் நாலஞ்சு மாசம். புதுச் சம்பந்திங்க சேந்து கப்பல்ல போறாங்க. ரூம்பு பக்கத்துப் பக்கத்துல.

காலையில மாப்ள அம்மா போன் பண்ணும். அவுங்க நைட்டி எடுத்து வைக்கிறாங்களான்னு நைசாக் கேட்டுச் சொல்லுங்க, நான் கேட்டதாச் சொல்லாதீங்க. சாயங்காலம் பொண்ணு அம்மா. மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி நைட்டியில நின்னா நாளைக்கு ஒரு பேச்சு வரும், அவுங்க மாத்துனா நானும் மாத்திக்குவேன், நான் கேட்டதாச் சொல்லாதீங்க. இது ஒரு வாரம் ஓடுச்சு. கடைசியில அலுத்துப்போயி ரெண்டு பேருகிட்டயும் ஒரே பொய்யச் சொன்னேன். அவுங்க எடுத்து வச்சாச்சு, நீங்களும் எடுத்து வையிங்கன்னேன். பிரச்சினை முடிஞ்சுதுன்னு அன்னிக்கு நிம்மதியா ஒரு டீ குடிச்சேன்.

திரும்பி வந்ததும் மாப்ள அம்மாகிட்ட, எப்புடிம்மா இருந்துச்சு கப்பலுன்னு விசாரிச்சேன். கண்ணு செவந்து, கழுத்து சுளுக்கிப் போயிருந்துச்சு.

"நைட்டி பெட்டியிலதான் இருந்துச்சு மேடம், அந்தம்மா மொதல்ல மாத்தட்டும்னு மூணு ராவும் பட்டுலயே படுத்துக் கெடந்தேன், அது மாத்துனாத்தான."

வெள்ளை ராத்திரி

தனம் அக்கா போற ட்ரிப்புக்கு வருவோம். கப்பல்ல ஒரு ராத்திரி எல்லாரும் வெள்ள உடுத்திக்கிட்டு வரணும், ஆட்டம் பாட்டு உண்டுன்னு சென்னையிலேருந்து தகவல் வந்துச்சு. அத அப்புடியே எங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். போட்டிருக்கக் கூடாது.

ஆம்பளைங்களுக்கு ஒரு கவலையும் இல்ல, வேட்டி சட்ட இருக்கு. பொம்பளைங்கதான் புடிச்சுக்கிட்டாங்க. தாலி கட்டுனவள வெள்ளப் பொடவ கட்டச் சொல்றியே, நீயும் ஒரு பொம்பளதானன்னு ஒரு அம்மா கேட்டுச்சு. மொதலாளி சந்தனக் கலருன்னு சமாதானம் சொன்னாரு. சந்தனக் கலரு வெள்ளையில சேருமா, சேராம உள்ள வுடலன்னா பொறுப்பு யாருன்னு அடுத்த பஞ்சாயத்து. சரிகை போட்ட கேரளா பொடவைன்னேன். அதுக்கு ரவிக்க என்ன கலருன்னு கேட்டாங்க. எனக்கு வாய் வலிச்சுப் போச்சுங்க.

அந்த நேரம் பாத்துப் பரங்கிப்பேட்டையிலேருந்து நசீமா லாத்தா ஆபீஸுக்கு வந்தாங்க. அங்கெல்லாம் அக்காவ லாத்தான்னுதான் கூப்புடுறது. வூட்டுக்காரரு துபாய்ல இருக்காரு, இவுங்க மாமியாரக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. நீச்சக் கொளத்துல பொம்பளைங்களுக்குன்னு தனி நேரம் இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அப்ப ஓரமா சேர் போட்டு ஒக்காந்துக்குறேன்னு அதோட வுட்டுட்டாங்க. இப்புடி ஒரு கஸ்டமரப் பாத்து எத்தன நாளாச்சுன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. வெள்ளப் பஞ்சாயத்த அவுங்ககிட்டச் சொல்லிப் பொலம்புனேன்.

"வெள்ளை புடிக்காதவங்கள ரூம்புலயே இருக்கச் சொல்லுங்க, அவுங்க பங்கு ஐஸ்கிரீமையும் நானே சாப்டுக்குறேன்."

அளவெடுத்துத் தச்ச பேண்ட்டு

கலியபெருமாள் இன்னும் வேட்டிய வுடல. காத்துக்குப் பறக்காம பெல்ட்டு போட்டுக்குங்கன்னேன். பெல்ட்டுக்கு மேல பறந்தான்னாரு. இடுப்புல ஒட்டிக்கிற வேட்டி கடையில விக்கிதேன்னேன். அது பள்ளிக்கூட ஆண்டு விழாவுல புள்ளைங்க கட்டுறதுன்னாரு. ஒரு வேட்டிக்கு இத்தன வம்பான்னு எனக்கே ஆத்தாமையா வந்துச்சு. வர்றதுன்னா வாங்க, வராட்டிப் போங்கன்னு வாய் வரைக்கும் வந்த வார்த்தய அக்கா மொகத்துக்காக முழுங்குனேன்.

தனம் அக்கா மட்டும் சளைக்கல. மாட்டுக் கொட்டாய்ல நின்னுக்கிட்டு எனக்கு ரகசியமாப் போன் பண்ணுவாங்க. அவர எப்புடியோ பேசிச் சிதம்பரத்துக்குக் கூட்டியாந்து, டைலர்கிட்ட வுட்டு அளவெடுத்து ரெண்டு பேண்ட்டு தச்சுட்டாங்க. அப்பறமும் ஓயல. இடுப்பு புடிக்கிதுன்னாரு, பிரிச்சுத் தச்சாங்க. கால இழுக்குதுன்னாரு, மடிச்சுத் தச்சாங்க. ஷூ கடிக்கிதுன்னாரு. அவரு வரலன்னா நானும் போவ முடியாதேம்மான்னு ஒரு நாளு அக்கா குரல் ஒடஞ்சு போச்சு. என்னத்துக்குக்கா அவருக்குத் துணி மேல இவ்ளோ கவலைன்னு கேட்டேன்.

"அவரு அப்புடித்தாம்மா, மாசி மகத்துக்குக் கிள்ளைக்குப் போனாக்கூட நாங்கல்லாம் கடல்ல முழுவுவோம், அவரு துணிமணிக்குக் காவலாக் கரையிலயே நிப்பாரு."

சில்வர் பீச்சுல ஒரு போட்டோ

கௌம்புற நாளு காலையில டூரிஸ்ட் பஸ்ஸு சிதம்பரத்துல நின்னுச்சு. கலியபெருமாள் பேண்ட்டுல வந்தாரு. ஒரு கை பெல்ட்ட வுடவே இல்ல. அக்கா ஜன்னலோரம் ஒக்காந்தாங்க. எனக்கு ஒரு பெரிய பாரம் எறங்குனாப்ல இருந்துச்சு. தொறைமுக வாசல் வரைக்கும் கொண்டுபோயி வுட்டுட்டு வர்றது என் வேல.

கடலூர்ல மிச்ச ஆளுங்களையும் மொதலாளியையும் ஏத்துனோம். பேனரோட சில்வர் பீச்சுல ஒரு குரூப் போட்டோ எடுக்கணும்னு மொதலாளி ஒத்தக் கால்ல நின்னாரு. அன்னிக்கு அலை கொஞ்சம் ஜாஸ்தி. எல்லாரும் வரிசையா நின்னாங்க, கலியபெருமாளக் காணும். பாத்தா பஸ்ஸுக்குப் பின்னாடி, கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. பேண்ட்டுதான் அவுந்துருச்சு போலன்னு கிட்டக்க போனேன். பேண்ட்டு இடுப்புலயேதான் இருக்கு, மனுசன்தான் கடல் பக்கம் திரும்ப மாட்டேங்குறாரு. என்ன ஆச்சு அண்ணேன்னதும் மெதுவாச் சொன்னாரு. வேட்டி, காத்து, பேண்ட்டு எல்லாம் சும்மாம்மா. கொள்ளிடம் ஒடச்சுக்கிட்டு வந்தப்ப மாட்ட அவுத்து வுட்டுட்டு ஓடுனவன் நான். தண்ணி வந்தா ஓடணும்னுதான் எனக்குத் தெரியும், அது மேலயே போயி ஒக்காருன்னா எப்புடி?

எனக்கு அய்யோன்னு ஆயிப்போச்சு. இத்தன நாளா அந்த மனுசன் பயமா இருக்குன்னு சொல்ல முடியாம வேட்டியச் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு, நானும் அதுக்குச் சென்னைக்குப் போன் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அக்காவும் எறங்கி வந்து பக்கத்துல நின்னு கேட்டுட்டாங்க. எல்லாரும் பஸ்ஸுல ஏறுனாங்க, அக்காவும் ஏறிட்டாங்க. அவரு கீழயே நின்னுக்கிட்டு, எறங்கு, ஊருக்குப் போலாம்னாரு. ரெண்டு சீட்டும் காலின்னு மொதலாளி என் காதுல முணுமுணுத்தாரு. பஸ்ஸு மொத்தமும் அக்காவையே பாக்குது.

அக்கா எறங்கல. மேல இருந்த பெட்டிய எடுத்து மடியில வச்சுத் தொறந்தாங்க. எல்லாத்துக்கும் மேல ஒரு வேட்டி மடிச்சு வச்சிருந்துச்சு. அத எடுத்து ஜன்னல் வழியா நீட்டுனாங்க. பேண்ட்டோட ஊருக்குள்ள நடந்தீங்கன்னா ஆளாளுக்கு நிறுத்திக் கேப்பாங்க, இதக் கட்டிக்கிட்டுப் போங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டிருங்க, நான் போயிப் பாத்துட்டு வரேன்னாங்க. நசீமா லாத்தா பின் சீட்டுலேருந்து எந்திரிச்சு வந்து அக்காவுக்குப் பக்கத்துல ஒக்காந்துக்கிட்டாங்க.

அவரு வேட்டிய வாங்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு. கத்தப் போறாருன்னுதான் நான் நெனச்சேன். டிரைவர் வண்டிய எடுக்குறப்ப ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு ரெண்டு எட்டு கூடவே நடந்து வந்தாரு.

"உள்ள ஏசி குளிருமாம், சொட்டரு எடுத்து வச்சியா?"

ஊரு ஒலகத்துக்கெல்லாம் பெட்டி கட்டச் சொல்லிக் குடுத்துட்டு, தொறைமுக வாசல்ல நின்னு கையாட்டிப்புட்டு, போட்டிருந்த அதே கசங்குன சுடிதாரோட சிதம்பரம் பஸ்ஸப் புடிக்க ஓடுற எனக்குத்தான் இன்னி வரைக்கும் கப்பலுக்கு என்ன துணி எடுத்து வைக்கிறதுன்னு தெரியாது.