நண்டு உடைத்த பெத்தாங் குண்டு

எங்கள் மன்றத்தின் வட்டத்தில் வழிகாட்டிகள் சிரிக்கக் கூடாது. அது எங்கும் எழுதி வைக்காத விதி. அதை அதிகம் மீறியவள் நான்தான். வாயைக் கட்டலாம், வயிற்றைக் கட்ட முடியுமா? அது தானாகக் குலுங்கத் தொடங்கிவிடும்.

அடித்தவரையும் அடிபட்டவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, அவர்களாகவே பேசிச் சரிசெய்துகொள்ள வழிகாட்டுவது எங்கள் வேலை. பஞ்சாயத்துதானே என்று எல்லாரும் கேட்பார்கள். பஞ்சாயத்தில் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். நாங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எங்கள் மூவரையும் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று புரியும்.

தலைவி ஒரு மீன் வியாபாரி. பெரிய மார்க்கெட்டில் அவர் குரல் கொடுத்தால் அடுத்த தெருவில் பேரம் நின்றுவிடும். எல்லாருக்கும் அவர் அக்கா. அடுத்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வழக்கில் சொன்னால் சொல்தா. பால் வாங்கப் போனாலும் மடிப்புக் கலையாத பேன்ட் போடுவார். அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு முசியே என்று கூப்பிடுகிறோம். மூன்றாவது, கல்லூரியில் வேதியியல் நடத்தும் நான். ஆகவே டீச்சர்.

வட்டத்தில் ஒரே நேரத்தில் நான்கு பேர் கத்தாமல் இருக்க ஒரு பொருள் வேண்டும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். சில இடங்களில் கூழாங்கல் வைப்பார்களாம். முசியே தன் பெத்தாங் குண்டுகளில் ஒன்றைக் கொண்டுவந்தார். மாலை நேரங்களில் மைதானத்தில் வீசி விளையாடுகிறார்களே, அந்த இரும்புக் குண்டு. பிரான்சில் இருந்தபோது வாங்கியது. நல்ல கனம். நீட்டி முழக்குகிறவர்களுக்குக் கை கடுக்கும், தானாக முடித்துக்கொள்வார்கள். எங்கள் வெற்றியில் பாதி அந்தக் குண்டுக்குச் சேரும்.

ஒருநாள் வட்டம் முடிந்து அறையைப் பூட்டும்போது அக்கா குண்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குண்டைத் திருப்பிக் கொடுக்க மைதானத்துக்கே போனவர், சும்மா போகாமல் நண்டுக் குழம்பும் கொண்டுபோனார். முசியேவும் கூட்டாளிகளும் விரலை நக்கிச் சாப்பிட்டார்கள். முசியே "செ போன், மதாம்! செ போன்!" என்று புகழ்ந்து தள்ளினாராம்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் ஒங்க குண்டு புண்ணியந்தான் முசியே. நண்டுக் காலு கல்லு மாதிரி இருந்துச்சு. ஒங்க குண்டால நாலு போடு போட்டேன், பொலபொலன்னு ஒடைஞ்சிடுச்சு" என்றார். மைதானமே சிரித்தது. முசியே கையைக் கழுவிக்கொண்டு, குண்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து என் போனுக்கு ஓய்வில்லை. "டீச்சர், குண்டுல கீறல் விழுந்துடுச்சு. இப்ப வீசுனா இடது பக்கமாப் போவுது. அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க" என்பார் முசியே. "இரும்புக்கு என்னா நோவு? நண்டுக்குதான் நோவு. அவுருகிட்ட சொல்லிடு" என்பார் அக்கா. பேசாதவர்களைப் பேச வைக்கிற மன்றத்திலேயே பேசாத இருவருக்கு நடுவில் நான் ஒரு தபால்காரியாக ஓடிக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் பயம் வரும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை ஒரு வட்டம் ஏற்பாடாகியிருந்தது. தட்டாஞ்சாவடியில் ஒரே லேத் பட்டறையில் வேலை செய்த இரண்டு நண்பர்கள். ஒருவன் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி வந்தான். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அது ஸ்டார்ட் ஆகவில்லை. இன்னொருவன் பட்டறை முழுவதையும் கூப்பிட்டு வேடிக்கை காட்டிக் கைதட்டிச் சிரித்தான். ஸ்கூட்டர்காரன் ஹெல்மெட்டை வீசினான். சிரித்தவனின் முன்பல் பாதி போயிற்று. போலீசில் புகார். ஸ்கூட்டர்காரனுக்கோ சேதராப்பட்டில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, தன்மேல் கேஸ் இல்லை என்று அவன் காட்டியாக வேண்டும். பல் போனவன் ஒரே ஒரு தடவை வந்து உட்கார்வதாகச் சொல்லியிருந்தான். அன்று மனசு மாறாவிட்டால் வேலை போய்விடும். நட்பு ஏற்கெனவே போயிருந்தது.

முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறைதான் எங்கள் இடம். இருவரும் வந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் முசியேவிடம் குண்டைக் கேட்டேன். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இது பெத்தாங் ஆடத்தான் டீச்சர். நண்டு ஒடைக்க இல்ல, பேசவும் இல்ல."

"வேணாம் போ. எங்கிட்ட தேங்கா இருக்கு" என்று அக்கா பையில் கைவிட்டார்.

"பாத்தீங்களா? இன்னும் கிண்டல்!"

"நானா கிண்டல் பண்றேன்? ஒரு கீறலுக்கு ஒரு வாரமா மொகத்தத் திருப்பிக்கினு போறது யாரு?"

ஒரு வாரமாக என் வழியாகப் போய்க்கொண்டிருந்ததெல்லாம் நேராகவே போக ஆரம்பித்தது. தமிழில் கொஞ்சம், பிரெஞ்சில் கொஞ்சம், மார்க்கெட் பாஷையில் நிறைய. அக்கா என் கையில் திணித்த தேங்காயோடு நான் நடுவில் நின்றேன். எனக்கு அழுகை வர வேண்டிய நேரம். சிரிப்புதான் வந்தது.

அப்போது ஸ்கூட்டர்காரன் எழுந்தான். "மேடம், ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசணும்னு நீங்கதான சொன்னீங்க?"

பல் போனவனும் தன் சுவரிலிருந்து திரும்பினான். "கேள்விகூட சொல்லிக் குடுத்தீங்களே. என்னா நடந்துச்சு, யாருக்கு வலிச்சுது, சரி பண்ண என்னா செய்யலாம்னு." முன்பல் பாதி இல்லாததால் வார்த்தைக்கு வார்த்தை விசில் வந்தது. அவன் முசியேவின் முன் கையை நீட்டினான். "குண்டக் குடுங்க சார்."

பட்டாளத்தில் இருந்தவர் அல்லவா, உத்தரவு என்றால் கீழ்ப்படிந்துவிடுகிறார். குண்டு வெளியே வந்தது. கொடுக்கும்போது கை நழுவித் தரையில் விழுந்து, உருண்டு, பீரோவுக்கு அடியில் போய்விட்டது. நேராகத்தான் உருண்டது என்று அக்காவும், இடது பக்கம் போயிற்று என்று முசியேவும் அப்போதும் விடவில்லை. நாங்கள் ஐந்து பேரும் தரையில் மண்டியிட்டுத் துழாவினோம். இரண்டு நண்பர்களும் தலையோடு தலை முட்டிக்கொண்டு "டேய்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். புகார் கொடுத்த நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது.

ஸ்கூட்டர்காரன் தூசியைத் துடைத்துக் குண்டை முசியேவிடம் கொடுத்தான். "சொல்லுங்க சார். யாருக்கு வலிச்சுது?"

முசியே குண்டில் இருந்த கீறலை விரலால் தடவினார். "எனக்குத்தான். கீறலால இல்லப்பா. குண்டுன்னா கீறல் விழத்தான் செய்யும். என் கூட்டாளிங்க எல்லாரும் இருக்கும்போது அந்தம்மா சொல்லிச் சிரிச்சாங்க. அத்தன பேரும் சிரிச்சானுவ. தனியா சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்."

குண்டு அக்காவிடம் போனது. மார்க்கெட்டையே நிறுத்துகிற குரல் காணாமல் போயிருந்தது. "கீறல் ஒங்க மானத்துல விழும்னு தெரியல முசியே. நான் பண்ணது தப்புதான். மன்னிச்சுக்கங்க."

கேள்வி கேட்ட இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பல் போனவன் தானாகக் கையை நீட்டி அக்காவிடமிருந்து குண்டை வாங்கிக்கொண்டான்.

"நானும் எல்லாரையும் கூப்ட்டுதான்டா சிரிச்சேன்" என்றான்.

ஸ்கூட்டர்காரனுக்குக் குண்டு வரும்வரை பொறுமை இல்லை. "அதுக்காக நான் எறிஞ்சிருக்கக் கூடாதுடா. ஒன் பல்லு... அத நான் கட்டித் தரேன். மொத சம்பளத்துல." விதிப்படி அது தப்பு, கையில் குண்டு இல்லை. நாங்கள் யாரும் தடுக்கவில்லை. அக்கா முந்தானையால் மூக்கைச் சிந்தினார். முசியே அவருக்குத் தன் கைக்குட்டையை நீட்டினார். நான் தேங்காயைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். திங்கட்கிழமை புகாரைத் திரும்பப் பெறுவதாகப் பல் போனவன் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

நாங்கள் மூவரும் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்தோம். ஸ்கூட்டர்காரன் வண்டியை உதைத்தான். ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி உதைத்தான். ஆகவில்லை. தெருவில் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பல் போனவன் பக்கத்திலேயே நின்றான். உதட்டை இறுக்கி மூடியிருந்தான், தோள் குலுங்கியது. முசியே என் முழங்கையைப் பிடித்தார். அக்கா "சிரிக்காத, சிரிக்காத சாமி" என்று முணுமுணுத்தார்.

மறுபடி உதைத்தான். வண்டி ஒரு இருமல் இருமி அடங்கியது. ஸ்கூட்டர்காரன் ஹெல்மெட்டைக் கழற்றினான். மறுபடி வீசப்போகிறான் என்றே நினைத்தேன். அவன் அதைப் பல் போனவனின் தலையில் மாட்டி, நாடாவையும் இழுத்துப் போட்டுவிட்டு, "இப்ப சிரிடா" என்றான்.

பல் போனவன் சிரித்த சிரிப்பில் டீக்கடை முழுவதும் சிரித்தது. பிறகு அவனே வண்டியின் பின்னால் போய், ஸ்கூட்டர்காரனை உட்கார வைத்துத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனான்.