இடது காதின் தீர்ப்பு

பலகையின் விளிம்பை இடக்கையின் இரண்டு விரல்களால் கிள்ளித் தூக்குவார். தலையைச் சாய்த்து இடது காதை அதனருகே கொண்டுபோவார். கண்ணை மூடிக்கொண்டு, வலக்கை நடுவிரலை மடக்கி ஒரே ஒரு தட்டு. பட்டறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "இன்னும் தூங்குது" என்பார். இல்லாவிட்டால், "முழிச்சிடுச்சு". மூன்றாவது தீர்ப்பு கிடையாது.

கிட்டார் செய்பவரான அவரைத் தெருவே 'காதுக்காரர்' என்றுதான் அழைத்தது. காய்ச்சலோடு டாக்டரிடம் போய், நாக்கை நீட்டும் முன் மேசையைத் தட்டிப் பார்த்து, "ஒட்டுப்பலகைங்க, உங்களை ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்த மனிதர்.

அந்தக் காதுக்குப் பதினோரு வருடம் சேவகம் செய்தவன் அவருடைய மைத்துனன். பக்கப்பலகைகளை நனைத்துச் சூடான குழாயில் வளைப்பதும், பசை காய்ச்சுவதும், ஒட்டிய இடத்தை இறுக்கிக் கட்டுவதும் அவன் பாடு. கிட்டாரின் வயிற்றுக்குள் ஒட்டும் சீட்டில் மட்டும் மாமா பெயர். அங்கே தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு வெறி. அதற்காகவே பலகையின் கனம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கினான். தலைமுடி அளவு வித்தியாசத்துக்கும் முள் துள்ளும்.

"என்ன மாப்ளே, மரத்துக்கு ஜுரமா?" என்றார் மாமா.

"சிரிங்க, சிரிங்க. மேடையில வாசிக்கிறவர் ஒண்ணு கேட்டிருக்காருல்ல? ஆளுக்கொண்ணு செய்வோம். அவர் எதை எடுக்கிறாரோ, இனிமே அதைச் செஞ்சவன் பேருதான் சீட்டுல."

"சரி. உன் சீட்டையும் அடிச்சு வை. கண்ணைத் துடைக்க ஆகும்."

மைத்துனன் முகப்புப் பலகையை விரற்கடைக்கு விரற்கடை அளந்து இழைத்தான். மாமா இழைத்தார், தட்டினார், டீ குடித்தார், மறுபடி தட்டினார்.

வாசிப்பவர் வந்தார். சீட்டு ஒட்டாத இரண்டையும் கொடுத்தார்கள். மைத்துனனுடையதை மீட்டிவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார், குளியலறையைப் பார்த்துச் சொல்வதுபோல. மாமாவுடையதை எடுத்தவர் கீழே வைக்கவேயில்லை.

கருவி பெட்டிக்குள் போனது. அடுத்த ஆறு வருடம் மைத்துனனும் இடது காதைச் சாய்த்தான். எல்லாப் பலகையும் அவனுக்கு ஒரே 'டொக்'தான். ஆனாலும் "இன்னும் தூங்குது" என்று கம்பீரமாகச் சொல்லப் பழகிவிட்டான். பட்டறை வேலையாட்கள் இருவரும் அவனைப் பார்த்து அதேபோல் சாய்ந்தார்கள். வளைவில் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தவர்கள் மாதிரி பட்டறை முழுக்க ஒரே பக்கம் சாய்ந்த தலைகள். மைத்துனனுக்குக் கழுத்து வலி நிரந்தரமாயிற்று.

மாமாவுக்குக் கண் ஆபரேஷன் செய்யப் போன இடத்தில், நர்ஸ் கேட்டதற்கெல்லாம் அவர் மனைவி, மைத்துனனின் அக்காதான் பதில் சொன்னாள். "இடது காது சுத்தமா கேக்காதுங்க. பன்னெண்டு வயசுல சீழ் வச்சுப் போச்சு."

மைத்துனன் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டான். "அப்போ மரத்தை எப்படிக்கா பாக்குறாரு?"

"பலகையைப் பிடிச்சிருக்கிற விரல்ல அதிருமாம்டா. கேக்குற காது பக்கத்துல இருந்தா தொந்தரவாம். அதான் தள்ளி வச்சுக்குவாரு."